தராசுல ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல எழுத்தாளர்கள் கைப்பட எழுதின கடிதங்கள் பத்தி சின்னதா ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, காலைல காபியோட ஒரு தடவ படிச்சேன், மத்தியானம் மறுபடியும் எடுத்து வெச்சு படிச்சேன். நல்லா இருந்துச்சு. ஆனா அந்தக் கடிதங்கள்ல முக்கால்வாசி எப்பவோ தொலைஞ்சு போச்சுங்கற மாதிரி முடிச்சிருந்தாங்க, அது மட்டும் முள்ளு மாதிரி மனசுல நின்னுடுச்சு. எப்பவோ தொலைஞ்சது கொஞ்சம்தாங்க. மீதி இந்த வாரம் தொலைஞ்சுகிட்டு இருக்கு, சயான்ல, மாதுங்கால, செம்பூர்ல, தாராவில, முலுண்ட்ல, நம்ம தமிழ்க் குடும்பங்களோட பரண்ல இருந்து இறங்கி பழைய பேப்பர் வாங்கற ரத்திக்காரன் தராசுல ஏறிகிட்டு இருக்கு. அதைச் சொல்லத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கணும்.

நான் மாநகராட்சி தமிழ்ப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. எங்கப்பாவுக்கு திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமம், 1950-கள்ல பம்பாய் வந்து மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா சேர்ந்தாங்க. தாராவில வரிசையா ஒத்த ரூம் வீடுங்க இருக்கற ஒரு சால்ல ஒரே ரூம், அதுல நாங்க 6 பேரு, அது போக ஊர்ல இருந்து வேலை தேடி வந்த சொந்தக்காரங்க எப்பவும் ரெண்டு பேரு. அப்பா எழுத்தாளர் இல்ல, அவங்க எழுதினது ஒரு வரிகூட எங்கயும் அச்சானது கிடையாது. ஆனா படிப்பாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து குளிச்சிட்டு பத்திரிகைய எடுத்தாங்கன்னா கதை பிடிச்சிருந்தா அன்னிக்கு ராத்திரியே அந்த எழுத்தாளருக்கு ஒரு கார்டு எழுதி மறுநாள் ஒர்க்‌ஷாப் போற வழியில தபால் பெட்டில போட்டுடுவாங்க, பிடிக்கலைன்னாலும் எழுதுவாங்க, ஏன் பிடிக்கலைன்னு. "அரிசிக்கு இல்லாத காசு கார்டுக்கு எங்க இருந்து வருது"ன்னு அம்மா கேப்பாங்க. ஆனா பதில் வந்துச்சுன்னா தபால்காரர்கிட்ட வாங்கி அப்பா வர்ற வரைக்கும் சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா சொருகி வெக்கறதும் அம்மாதான்.

பதில் வந்துச்சுங்க. அதுதான் இன்னிக்கு நெனச்சா எனக்கு மலைப்பா இருக்கு. முகம் தெரியாத ஒரு ஃபிட்டருக்கு, பம்பாய்ல ஒரு சாலுக்கு, புத்தகம் போட்ட பெரிய மனுஷங்க உக்காந்து பதில் எழுதியிருக்காங்க. எழுத்தாளர் வல்லிக்கண்ணன் எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருப்பாங்கன்னு கணக்கே கிடையாது, புதுசா எழுத வந்தவங்க, சிறுபத்திரிகை நடத்துறவங்க, சும்மா படிக்கிறவங்க, எல்லாருக்கும் கார்டு. விமர்சகர் தி.க.சி.யும் அப்படித்தான். ரெண்டு பேருமே நெல்லைச் சீமைக்காரங்க, அதனால அவங்க கார்டு வந்தா அப்பாவுக்கு ஊர்ல இருந்து அண்ணாச்சி கார்டு போட்ட மாதிரி, ஒரு வாரம் அதையே பேசுவாங்க.

வந்த கடுதாசிய எல்லாம் கம்பியில குத்தி வெப்பாங்க. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு இது தெரியாது. ஒரு நீளக் கம்பி, அடியில வட்டமா ஒரு மரத்துண்டு, மேல கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், சுவத்துல ஆணில தொங்கும், கடுதாசி, கரண்ட் பில், ரேஷன் ரசீது எல்லாம் அதுலதான் ஒண்ணு மேல ஒண்ணா. அதனால எங்க வீட்டுக் கடிதங்கள் எல்லாத்துக்கும் நடுவுல ஒரு ஓட்டை, ஓட்டையச் சுத்தி துரு. ஒருத்தர் அதைப் பாத்துட்டு, டேமேஜ் ஆயிடுச்சேம்மான்னார். எனக்கு அப்படித் தோணல, அந்த ஓட்டை இருந்தா அது எங்க சுவத்துல தொங்கின கடிதம்னு அர்த்தம், எந்தக் கடிதத்துக்கு மேல எது வந்துச்சுங்கற வரிசையும் அந்தக் கம்பிதான் காப்பாத்திக் குடுத்துச்சு. சாவுச் செய்தி வந்த கார்டு மட்டும் கம்பிக்குப் போகாது, மூலையில கருப்பு மை தடவி வரும், படிச்ச உடனே வாசல்ல வெச்சே கிழிச்சிடுவாங்க. எத்தனையோ பெரியவங்க இறந்த செய்தி இப்படி வந்து கிழிஞ்சிருக்கும், அதைத் திருப்பிக் கொண்டு வர முடியாது.

அப்பா இறந்து ரெண்டு வருஷம் கழிச்சுதான் அந்தக் கம்பிய நான் ஒழுங்கா இறக்கினேன். மொத்தம் 163 கடிதம், அதுல 41 எழுத்தாளர்கள் எழுதினது. அன்னைல இருந்துதான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடிச்சுது, தெரிஞ்சவங்க வீடு, கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடை, ரத்திக் கடை, எங்க போனாலும் பழைய கவர் கண்ணுல பட்டா எடுத்துப் பாக்காம வர மாட்டேன். இப்ப என்கிட்ட முந்நூத்திச் சொச்சம் இருக்கு.

இதுல நான் புரிஞ்சுகிட்ட ஒரு விஷயம் இருக்கு. எழுத்தாளரோட கதைய அவர் வீட்டுல தேடலாம், பத்திரிகை ஆபீஸ்ல தேடலாம். கடிதம் மட்டும் அவர் வீட்டுல இருக்காது. அது எழுதினவரை விட்டுப் போயிடுச்சு, வாங்கினவங்க வீட்டுல இருக்கு. வாங்கினவங்க யாருன்னா நம்மள மாதிரி ஆளுங்க, கிளார்க், ஃபிட்டர், டீச்சர், ஓட்டல்ல சரக்கு மாஸ்டர். அவங்க பாதிப் பேரு தமிழ்நாட்டுலயே இல்ல, பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் வேலைக்கு வந்தவங்க. சென்னைல இருக்கற ஆராய்ச்சிக்காரங்க எவ்வளவு தேடினாலும் தாராவி பரண் அவங்க கண்ணுக்குத் தெரியாது.

புதுமைப்பித்தனையே எடுத்துக்கங்க. ராஜமுக்தி படத்துக்கு வேலை பாக்க புனாவுக்கு வந்தாங்க, இங்க இருந்து ராத்திரி ரயில் ஏறினா விடியறதுக்குள்ள போற ஊரு, அங்கதான் காச நோய் முத்திடுச்சு, 1948-ல திருவனந்தபுரத்துல இறந்து போனாங்க, வயசு 42. அந்தக் கடைசிக் காலத்துல அவங்க மனசு என்ன பாடு பட்டுச்சுன்னு நமக்குத் தெரியுதுன்னா மனைவி கமலாவுக்கு எழுதின கடிதங்கள் மிஞ்சினதாலதான், பின்னால அது புத்தகமாவும் வந்துச்சு. பாரதி புதுச்சேரில இருந்து 1915-ல பரலி சு. நெல்லையப்பருக்கு தம்பின்னு கூப்பிட்டு எழுதின கடிதம் இன்னிக்கும் பேசப்படுது, அதுவும் வாங்கினவர் வெச்சிருந்ததுதான். இடைசெவல்ல ஒரே ஊர்க்காரங்க எழுத்தாளர்கள் கி.ரா.ங்கற கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும், அழகிரிசாமி 1970-லயே போயிட்டாங்க, அவங்க எழுதின கடிதங்கள கி.ரா. காப்பாத்தி வெச்சிருந்ததால நாம படிக்கிறோம். குற்றாலத்துல இருந்து ரசிகமணி டி.கே.சி. எழுதினதும் இப்படித்தான், ஒவ்வொரு நண்பர் வீட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா இருந்ததைத் திரட்டினதுதான்.

இதுல எல்லாருக்கும் மேல உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊரா அலைஞ்சவங்கன்னு எல்லாருக்கும் தெரியும், தனக்கு வந்த கடிதங்களையும் அதே கவனத்தோட சேத்து வெச்சிருந்தாங்கங்கறது அவ்வளவாத் தெரியாது. பாரிஸ்ல இருந்து ஜூலியன் வின்சோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் தமிழ்லயே எழுதின கடிதம், பழைய ஏடுகளப் பதிப்பிச்ச சி.வை. தாமோதரம் பிள்ளை எழுதினது, ஏடு குடுத்தவங்க, குடுக்க முடியாதுன்னு சொன்னவங்க, எல்லாரும் எழுதினது இருக்கு. 1877-ல இருந்து 1900 வரைக்கும் வந்தது மட்டுமே ஒரு பெரிய புத்தகமா வந்திருக்கு. அந்த மாதிரி ஒரு ஆள் எல்லா வீட்டுலயும் இருக்க மாட்டாங்க, நம்ம வீட்டுல இருந்தது கம்பியும் டிரங்குப் பெட்டியும்தான், அதையாவது பாக்கணுமில்ல.

இப்ப ஏன் அவசரம்னு சொல்றேன். ரீடெவலப்மெண்ட். நம்ம ஆளுங்க 50 வருஷம் 60 வருஷம் குடியிருந்த பழைய பில்டிங், சால் எல்லாத்தையும் இடிக்கிறாங்க, மூணு வருஷம் வாடகை வீட்டுக்குப் போகணும், டெம்போ வாசல்ல நிக்குது, பரண்ல இருக்கற டிரங்குப் பெட்டிய யாரு திறந்து பாப்பாங்க. போன வருஷம் எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இறந்தாங்க. எனக்கு நல்லாத் தெரியும், 1970-கள்ல இருந்து சிறுபத்திரிகைக்கெல்லாம் சந்தா கட்டி, பம்பாய் வர்ற எழுத்தாளர்கள ஸ்டேஷன்ல போய் கூட்டிகிட்டு வந்து வீட்டுல சாப்பாடு போட்டவங்க. அவங்களுக்கு வந்த கடிதம் மூணு பெட்டி இருந்துச்சு, என் கண்ணால பாத்திருக்கேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சு நான் போறேன், வீடு காலி, சுவத்துல காலண்டர் ஆணிதான் இருக்கு. பெட்டிய ரத்திக்குப் போட்டுட்டோம் ஆன்ட்டி, கிலோ 14 ரூபா குடுத்தான்னு மருமக சொல்லுது. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல, அதுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, இங்கயே பிறந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பொண்ணு, அந்தப் பெட்டில என்ன இருக்குன்னு வீட்டுல யாரும் அதுக்குச் சொல்லவும் இல்ல. நேரா ரத்திக் கடைக்கு ஓடினேன். சரக்கு முந்தின நாள் ராத்திரியே கோடவுனுக்குப் போயிடுச்சு. கடைக்காரப் பையன் நல்ல பையன், மூலையில கொட்டிக் கிடந்ததைக் கிளறிப் பாக்க விட்டான். ஒன்பது கவர் கிடைச்சுது, ஒன்பதும் வெறும் கவர், உள்ள இருந்த கடிதம் இல்ல. முகவரி எழுதின கையெழுத்த மட்டும் பாத்துகிட்டு அந்த நடைபாதைல உக்காந்துட்டேன். மூணு பெட்டிக்கு என்ன ஒரு 300 ரூபா வந்திருக்குமா, என்கிட்ட கேட்டிருந்தா என் ஒரு மாச பென்ஷனையே குடுத்திருப்பேன்.

தண்ணிக்குப் போனதும் உண்டு. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை, நம்ம யாரும் மறக்க முடியாத நாள். எங்க கூட வேலை பாத்த டீச்சர் வீடு குர்லால தரைத் தளம், கட்டிலுக்கு அடியில சூட்கேஸ்ல அவங்க மாமனாருக்கு வந்த கடிதங்கள், ரெண்டு நாள் தண்ணிக்குள்ள இருந்துச்சு. பேனா மைல எழுதினது எல்லாம் நீலமா கரைஞ்சு வெள்ளைக் காகிதம் ஆயிடுச்சு, பால்பாயிண்ட்ல எழுதினது மட்டும் கொஞ்சம் நின்னுச்சு. அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, பம்பாய்ல தரைத் தளத்துல தரையோட எதையும் வெக்காதீங்க.

சரி, பெட்டியத் திறந்தா எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேப்பாங்க. முதல்ல, எழுத்தாளர்னா கடிதத்துலயும் புனைபெயர்தான் போட்டிருப்பாங்கன்னு நெனைக்காதீங்க. சொந்தப் பேரும் இருக்கும். ரா.சு. கிருஷ்ணசாமின்னு இருந்தா அது வல்லிக்கண்ணன். சொ. விருத்தாசலம்னா புதுமைப்பித்தன், எஸ். ரங்கராஜன்னா சுஜாதா, கே.எஸ். சுந்தரம்னா ஆதவன், டி.கே. துரைசாமின்னா நகுலன், சி. கல்யாணசுந்தரம்னா வண்ணதாசன். இந்த பம்பாய்லயே பல வருஷம் வேலை பாத்துகிட்டு எழுதின நாஞ்சில் நாடனுக்கு சொந்தப் பேரு சுப்பிரமணியம், சுப்பிரமணியம்னு கையெழுத்துப் போட்ட இன்லண்ட் லெட்டரப் பாத்தா யாரோ ஆபீஸ் சிநேகிதர்னுதான் தூக்கிப் போடுவாங்க. ரங்கராஜன், கிருஷ்ணசாமி எல்லாம் ஆயிரம் பேரு இருப்பாங்கதான், பேர மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது, ஆனா கதை, பத்திரிகை, புத்தகம்னு உள்ள பேச்சு வந்தா அந்தக் கடிதத்தத் தனியா எடுத்து வைங்க.

தேதி இல்லாத கடிதம்தான் அதிகம், 'வெள்ளி மாலை'ன்னு மட்டும் எழுதியிருப்பாங்க. அதுக்குத்தான் கார்டோட முகப் பக்கம் வேணும். கார்டுல நயா பைசான்னு இருந்தா 1957 ஏப்ரலுக்கு அப்புறம், ஏன்னா அப்பதான் அணா போய் தசமக் கணக்கு வந்துச்சு, 1964-ல நயாங்கற வார்த்தை போயிடுச்சு, அப்ப இந்த ஏழு வருஷத்துக்குள்ளன்னு புரிஞ்சிடும், பழைய கார்ட லேட்டா எடுத்து எழுதியிருந்தா கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். முகவரில ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட் 15-க்கு அப்புறம் எழுதினது. அதுக்கு முன்னாடி பம்பாய் 17, பம்பாய் 19, பம்பாய் 22ன்னுதான் எழுதுவாங்க, அதே நம்பர்தான் பின்கோடோட வாலா வந்து உக்காந்திருக்கு, மாதுங்கா 400019, சயான் 400022. தபால் முத்திரை ரெண்டு இருக்கும், அனுப்பின ஊர்ல ஒண்ணு, இங்க டெலிவரி ஆபீஸ்ல ஒண்ணு, ஒண்ணு அழிஞ்சிருந்தாலும் இன்னொண்ண லென்ஸ் வெச்சுப் படிக்கலாம். பழைய எழுத்து இன்னொரு சாட்சி. லை, ணை, னை இதெல்லாம் துதிக்கை மாதிரி மேல வளைச்சு எழுதியிருப்பாங்க, 1978-ல அரசாங்கம் எழுத்த மாத்தினதுக்கு அப்புறம் படிச்ச பிள்ளைங்களுக்கு அது புரியாது. ஆனா இதை வெச்சு தேதி சொல்ல முடியாது, பழைய எழுத்துல பழகின கை கடைசி வரைக்கும் அப்படியேதான் எழுதும், எங்கப்பாவே அப்படித்தான்.

கடிதத்தோட நெத்தியப் பாருங்க, அதுவே ஒரு கதை சொல்லும். ஒருத்தர் பிள்ளையார் சுழி போடுவாங்க, ஒருத்தர் சிவமயம்னு ஆரம்பிப்பாங்க, ஒருத்தர் ஒண்ணுமே போடாம தோழருக்கு வணக்கம்னு நேரா விஷயத்துக்கு வருவாங்க. இவ்விடம் அனைவரும் க்ஷேமம்னு எழுதின அதே மனுஷன் பத்து வருஷம் கழிச்சு நலம், நலமறிய ஆவல்னு எழுதியிருப்பாங்க. அந்தப் பத்து வருஷத்துல தமிழ்நாட்டுல என்ன நடந்துச்சோ அது அந்த ஒரு வரில இருக்கு. அச்சுல வர்றப்ப இதையெல்லாம் வெட்டிட்டு விஷயத்த மட்டும் போடறாங்க, தயவு செஞ்சு வெட்டாதீங்க.

காகிதத்தக் கொல்றது பூச்சியும் மழையும் மட்டும் இல்ல, நம்ம அன்பும்தான். எங்க சித்தி மகன் ஆசையா ஒரு கார்ட லேமினேஷன் பண்ணிக் குடுத்தான், இப்ப அது உள்ளயே பழுப்பாகிகிட்டு வருது, பிரிச்சா கிழியும், பிரிக்காட்டி சாகும். செலோ டேப் ஒட்டினா பத்து வருஷத்துல பசை மஞ்சளாகி எழுத்த மூடிடும். ஸ்டேப்ளர், குண்டூசி, ரப்பர் பேண்ட் எல்லாம் எடுத்துடுங்க. நம்பர் போடணும்னா பென்சில்ல ஓரமா போடுங்க. ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் வேணும், அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவ, மழைக்கு முன்னாடியும் அக்டோபர்லயும், வெளிய எடுத்து நிழல்ல காத்தாட விடுங்க, வெயில்ல வேண்டாம். போட்டோ எடுத்தா ஃபிளாஷ் இல்லாம ஜன்னல் வெளிச்சத்துல ரெண்டு பக்கமும் எடுங்க, முகவரிப் பக்கத்த யாரும் எடுக்கறதே இல்ல.

ஸ்டாம்ப் சேக்கறவங்க கோவிச்சுக்கக் கூடாது, ஆனா கவர்ல ஸ்டாம்ப் இருக்கற மூலைய வெட்டி எடுக்கறப்ப தேதியும் ஊரும் சேந்து போயிடுது. கிங்ஸ் சர்க்கிள்ல 200 ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கினேன், 17 கவர், 17-லயும் மூலை இல்ல. அதவிடக் கொடுமை, கையெழுத்து மட்டும் வேணும்னு கீழ்ப் பகுதிய வெட்டி எடுத்துகிட்டுப் போறவங்களும் இருக்காங்க. ஒரு வியாபாரி என்கிட்டயே கேட்டார், அம்மா கடிதம் முழுசும் வேண்டாம் சைன் மட்டும் போதும், ஃப்ரேம் போட்டா நல்ல விலை போகும்னார். வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டேன். அமெரிக்கால இருக்கற சொந்தக்காரங்க அங்க கொண்டு போய் வெச்சுக்கறோம்னு கேக்கறாங்க, அவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், 75 வருஷத்துக்கு மேல பழசான, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிய தனி ஆளுங்க வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு 1972-லயே சட்டம் இருக்கு.

இப்ப ஒரு கஷ்டமான விஷயம். அப்பாவுக்கு வந்ததுல ஒரு சிறுகதை எழுத்தாளரோட இன்லண்ட் மூணு இருக்கு, பேரு எழுத மாட்டேன். முதல் ரெண்டுல கதை பத்திப் பேச்சு, மூணாவதுல 30 ரூபா கடன் கேட்டிருக்காங்க, வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல்னு. அப்பா அனுப்பினாங்களான்னு எனக்குத் தெரியாது, அம்மாவக் கேக்கவும் அவங்க இல்ல. இதை என்ன பண்றது. இலக்கிய வரலாறுன்னு பாத்தா அந்த மூணாவது கடிதம்தான் பெருசு, தமிழ்ல எழுதினவங்க எப்படி வாழ்ந்தாங்கங்கறதுக்கு அத விட ஆதாரம் வேணாம். ஆனா அந்த மனுஷன் அதை என்கிட்டயோ ஊர்கிட்டயோ சொல்லல, எங்கப்பாகிட்ட மட்டும் சொன்னாங்க. ஆறு மாசம் விசாரிச்சு அவங்க மகளோட நம்பர வாங்கி போன் பண்ணினேன். அந்தம்மா முதல்ல நம்பல. மூணு கடிதத்தோட போட்டோவும் அனுப்பினேன். அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டாங்க, பேச்சே வரல, அழுறாங்க. அவங்க வீட்டுல அப்பா கையெழுத்துல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையாம், வீடு மாறினப்ப எல்லாம் போயிடுச்சாம். "எனக்குத்தான் காய்ச்சல் அப்ப"ன்னு சொன்னாங்க. ரெண்டு கடிதத்த யாருக்கு வேணும்னாலும் காட்டுங்க, மூணாவது எங்கம்மா இருக்கற வரைக்கும் வேண்டாம்னு கேட்டுகிட்டாங்க. சரின்னேன். மூணாவதோட ஒரிஜினல அந்தம்மாவுக்கே ரெஜிஸ்தர் தபால்ல அனுப்பிட்டேன்.

சேக்கறவங்க எல்லாரும் இதை மனசுல வெக்கணும். காகிதம் நம்ம கைல இருக்கலாம், அதுல இருக்கற வார்த்தை நம்மது இல்ல. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படியும் எழுத்துக்கு உரிமை எழுதினவருக்கும் அவருக்கு அப்புறம் அவர் வாரிசுக்கும்தான், கடிதம் யாருக்கு வந்துச்சோ அவங்களுக்கு இல்ல. கைல கிடைச்ச உடனே வாட்ஸப்ல போட்டு பேரு வாங்கறது எனக்கு நியாயமாப் படல.

நூலகத்துக்குக் குடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. குடுக்கணும்தான், ஆனா கேட்டுக் குடுக்கணும். பல வருஷத்துக்கு முன்னாடி நான் 22 கடிதத்த ஒரு நூலகத்துல குடுத்தேன், ரசீது வாங்கல, அடுத்த வருஷம் போய்க் கேட்டா கவர் ஒரு பக்கம் கடிதம் ஒரு பக்கமா ஒரு சாக்குல கிடக்கு, நாலு கடிதத்தக் காணோம். அதுக்கப்புறம் புத்தி வந்துச்சு. பட்டியல் போட்டு, ஒவ்வொரு கடிதத்துக்கும் யார் யாருக்கு எழுதினது, எந்த ஊர், என்ன விஷயம், உள்ள பேரு வர்றவங்க யாரு யாருன்னு எழுதி, ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணுல கையெழுத்து வாங்கிட்டுக் குடுங்க. சென்னைல பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூலகம் இருக்கு, தரமணில ரோஜா முத்தையா நூலகம் இருக்கு. அந்த ரோஜா முத்தையா யாருன்னு நெனைக்கிறீங்க, சைன்போர்டு எழுதின கோட்டையூர்க்காரர், கைக்காசப் போட்டு புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ்னு கிடைச்சதெல்லாம் சேத்தாங்க, 1992-ல அவங்க இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி 1994-ல சென்னைலயே நூலகமா ஆக்கினாங்க. ஒரு தனி மனுஷன் சேத்தது.

மும்பைல இவ்வளவு தமிழ் அமைப்பு இருக்கு, விழா நடக்குது, பட்டிமன்றம் நடக்குது, பொன்னாடை போடறோம், எல்லாம் நல்லதுதான். ஒரு அமைப்பாவது ஒரு இரும்பு பீரோ, ஒரு ஸ்கேனர், வாரத்துல ரெண்டு மணி நேரம் பழைய எழுத்து படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளு, இதுக்கு ஏற்பாடு பண்ணக் கூடாதா. ஆளுக்கு நான் வர்றேன், காசு வேண்டாம். பழைய எழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க எங்க வயசுக்காரங்கதான், கடிதத்துல 'நம்ம மணி'ன்னு இருந்தா அது எந்த மணின்னு சொல்லத் தெரிஞ்சவங்களும் எங்க வயசுக்கு மேலதான்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் இருக்கு. ஞாயித்துக்கிழமை இணைப்புல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்க, வாரம் ஒரு கடிதம், படமும் அதுல என்ன இருக்குன்னு நாலு வரியும், வாரிசுகிட்ட அனுமதி வாங்கினது மட்டும். அதைப் பாத்துட்டு யாராவது ஒரு வீட்டுல, நம்ம தாத்தாவுக்கும் இது மாதிரி கார்டு வந்துச்சேன்னு பரண் ஏறினாங்கன்னா போதும்.

முதல் வாரத்துக்கு ஒண்ணு நானே இதோட அனுப்பியிருக்கேன். ஆளு யாருன்னு தெரியாததால எழுத்துப் பக்கத்தப் போட வேண்டாம், முகவரிப் பக்கத்தையும் கையெழுத்தையும் மட்டும் போடுங்க. நயா பைசா கார்டு, தென்காசி முத்திரை, பம்பாய் 17-க்கு, அதாவது தாராவிக்கு வந்தது, கருநீல மை, நெத்தில பிள்ளையார் சுழி இல்ல. அப்பா படிச்ச ஒரு கதைல வர்ற ஆச்சி நிஜமா இருந்தவங்களான்னு கேட்டிருக்காங்க போல, ஆமா, எங்க தெருதான், இப்ப இல்லன்னு பதில் வந்திருக்கு. கீழ 'சு.'ன்னு மட்டும் கையெழுத்து, அந்த சு-வோட வால் பின்னால வளைஞ்சு ஒரு சுத்து சுத்தி நிக்குது. 12 வருஷமா தேடறேன், எந்தக் கதை, எந்த எழுத்தாளர்னு கண்டுபிடிக்க முடியல. அந்த வால உங்க வாசகர்கள் யாராவது பாத்திருந்தா பத்திரிகைக்கு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை,
சயான், மும்பை